மழைக்கு ஒதுங்கிய மலை

வடக்கு லண்டனில் ஸ்டோக் நியூயிங்டன் பக்கம் போனால் சாலையோரத்தில் ஒரு கோட்டை கண்ணில் படும். கொத்தளம், கோபுரம் எல்லாம் உண்டு. ஆனால் எந்த ராஜாவும் அதில் குடியிருந்ததில்லை. 1850களில் நியூ ரிவர் கம்பெனி என்ற குடிநீர் நிறுவனம் கட்டிய நீரேற்று நிலையம் அது. உள்ளே நீராவி எஞ்சின்கள் ஓடின. வெளியே தெரிந்தால் நன்றாயிருக்காது என்று வில்லியம் சாட்வெல் மைல்ன் என்ற பொறியாளர் கட்டடத்துக்கு ஸ்காட்லாந்துக் கோட்டை வேஷம் போட்டுவிட்டார். ஒரு கோபுரத்துக்குள் புகைபோக்கி, இன்னொன்றில் தண்ணீர்த் தொட்டி, மூன்றாவதில் சுழல்படி.

எஞ்சின்கள் ஓய்ந்தபின் 1970களில் அதை இடிக்கப் பார்த்தார்கள், ஊரார் விடவில்லை. 1995 முதல் அந்தக் கோட்டைச் சுவர்களில் ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள், படையெடுப்பவர்களைப் போல வெளியிலிருந்து அல்ல, உள்ளிருந்து. டிக்கெட் வாங்கிக்கொண்டு, வாடகைச் செருப்பு மாட்டிக்கொண்டு. ‘காஸில்’ என்பதுதான் இப்போது அந்த ஜிம்மின் பெயரே.

உள்ளரங்கப் பாறையேற்றம் என்று இன்று உலகம் முழுக்கக் காசு புரளும் இந்தத் தொழிலுக்குப் பூர்வீகம் கோட்டையல்ல, ஒரு நடைவழி.

கட்டிய சுவரில் ஏறிப் பழகுவது அதற்கு முன்பும் இருந்தது. அமெரிக்காவின் சியாட்டிலில் கிளார்க் ஷர்மன் என்ற சாரணர் தலைவர் 1930களின் கடைசியிலேயே கல்லும் சிமெண்டுமாக ஒரு பயிற்சிப் பாறையைக் கட்டவைத்தார். ஆனால் அது திறந்தவெளியில் நின்றது. மழை பெய்தால் நனையும். வட இங்கிலாந்தில் அந்த ஏற்பாடு எடுபடாது. அங்கே பாறை காய்ந்து கிடக்கும் நாட்கள் குறைவு. குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். அங்கத்திய ஏறுவோருக்கு வருடத்தில் பாதி, மதுக்கடையில் உட்கார்ந்து போன கோடையைப் பற்றிப் பேசுவதிலேயே கழிந்தது.

லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி விரிவுரையாளராக இருந்த டான் ராபின்சன் 1964இல் இதற்கு ஒரு வழி கண்டார். உடற்கல்வித் துறையின் நடைவழி ஒன்றில், செங்கல் சுவரை அங்கங்கே கொத்தி, நிஜப் பாறைத் துண்டுகளைப் பதித்தார். சில கற்கள் விரல்நுனிக்கு மட்டும் இடம் கொடுத்தன. சில இடங்களில் செங்கல்லை எடுத்துவிட்டுப் பள்ளம் விட்டிருந்தார். அவ்வளவுதான் ஏற்பாடு. உயரம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதனால் மேலே போவதைவிடப் பக்கவாட்டில் நகர்வதுதான் அதிகம். தரையை மிதிக்காமல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்த் திரும்புவது.

பழைய ஆட்கள் சிரித்திருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டாம். மலை என்றால் காற்றும் பயமும் என்று நம்பியவர்களுக்கு, மாணவர்கள் கடந்துபோகும் நடைவழியில் சுவரைக் கட்டிக்கொண்டு தொங்குவது கோமாளித்தனமாகத்தானே படும்?

அந்தச் சிரிப்பை அடக்கியவர் ஜான் சிரெட். லீட்ஸ் மாணவர், பாறைக்குப் புதியவர். ஆனால் நடைவழிச் சுவரில் பழகிப் பழகி விரல்களுக்கு உடும்புப்பிடி வந்திருந்தது. லீட்ஸுக்கு வடக்கே வயல்வெளி நடுவில் ஆம்ஸ்கிளிஃப் என்றொரு சொரசொரப்பான மணற்பாறைக் குன்று இருக்கிறது. அதில் ‘வால் ஆஃப் ஹாரர்ஸ்’ என்ற தடத்தை 1961இல் ஆலன் ஆஸ்டின் முதலில் ஏறி முடித்தார். பெயரே பயமுறுத்தும், ஆஸ்டினுக்குப் பிறகு வருடக்கணக்கில் பெரும்பாலோர் அதைத் தொடவே தயங்கினார்கள். 1970இல் சிரெட் ஏறினார். பயிற்சிச் சுவர் விளையாட்டுச் சாமான் அல்ல என்பது அதன்பிறகு யாருக்கும் விளக்க வேண்டியதாக இல்லை. ராபின்சன் சுவர் கட்டுவதையே தொழிலாக்கிக் கம்பெனி ஆரம்பித்தார். பிரிட்டனின் பள்ளிகளிலும் விளையாட்டு மையங்களிலும் கல் பதித்த சுவர்கள் பெருகின.

இந்தச் சுவர்களுக்கு ஒரு தீராத குறை இருந்தது. சிமெண்டில் பதித்த கல் பதித்த இடத்திலேயே இருக்கும். ஒரு குளிர்காலம் போதும், எந்தக் கல்லில் எந்த விரல் என்பது மனப்பாடமாகிவிடும். கை பட்டுப் பட்டு அந்தக் கல்லும் வழவழத்துப்போகும்.

விடுதலை பிரான்சிலிருந்து வந்தது. 1980களில் அங்கே பிசினையும் மணலையும் கலந்து அச்சில் வார்த்த பிடிகள் சந்தைக்கு வந்தன. பிடியின் நடுவே ஒரு துளை. பலகையின் பின்பக்கம் பதித்த மரை. ஒரு போல்ட்டும் ஆலன் கீயும் இருந்தால் ஒரு பிடியைக் கழற்றி வேறு இடத்தில் மாட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது. பார்க்க அற்பமான ஏற்பாடு. ஆனால் இந்தத் தொழிலின் வரலாற்றில் இதற்கு ஈடான திருப்பம் வேறில்லை. சுவரை மாற்றிக்கொண்டே இருக்கலாம் என்றால், வாடிக்கையாளரும் வந்துகொண்டே இருப்பார்.

காசு கொடுத்து ஏறும் கூடங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முளைத்தன. பிரஸ்ஸல்ஸில் ‘டெர் நவ்’, சியாட்டிலில் ‘வெர்ட்டிகல் கிளப்’ இரண்டுமே 1987இல் திறந்தவை. சியாட்டில்காரர்கள் ஆரம்பத்தில் கான்கிரீட்டில் கற்களைப் பசைபோட்டு ஒட்டித்தான் பிழைத்தார்கள். 1991இல் எஃகு நகரமான ஷெஃபீல்டில் ‘ஃபவுண்ட்ரி’ வந்தது. அப்போது அந்த ஊரில் எஃகு வேலை வெகுவாக ஓய்ந்திருந்தது; வார்ப்படச்சாலை என்று பெயர் வைத்தது பொருத்தம்தான்.

பிறகு கட்டட வேட்டை தொடங்கியது. கயிறு கட்டி ஏற உயரம் வேண்டும், குறுக்கே தூண் கூடாது, வாடகையும் கட்டுப்படியாக வேண்டும். இப்படிக் கட்டடங்கள் பிரிட்டனில் எங்கே சும்மா கிடந்தன? தேவாலயங்கள்! பக்தர்கள் குறைந்து பூட்டிக்கிடந்தவை. கிளாஸ்கோவிலும் மான்செஸ்டரிலும் பலிபீடம் இருந்த கூடங்களில் கயிறுகள் தொங்கின. பிரிஸ்டலின் செயின்ட் வெர்பர்க் தேவாலயத்தின் கதை இன்னும் விசேஷம். அது முதலில் நகரின் மையத்தில் இருந்தது. 1870களின் இறுதியில் சாலைக்கு இடைஞ்சல் என்று கல்கல்லாகப் பிரித்து வேறிடத்தில் மறுபடி அடுக்கினார்கள். பிடிகளைக் கழற்றி மாட்டும் தொழிலுக்கு, தானே ஒருமுறை கழற்றி மாட்டப்பட்ட கட்டடம்.

இன்று அந்த உயரமும் கட்டாயமில்லை. ‘போல்டரிங்’ என்ற கயிறில்லா ஏற்றத்துக்கு நாலு, நாலரை மீட்டர் சுவர் போதும். கீழே தடித்த மெத்தை. புறநகர்க் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்தால் ஜிம் தயார். கயிறு பிடிக்கத் துணைக்கு ஆள் தேட வேண்டாம் என்பதால் ஆபீஸ் முடிந்து தனியாகவே வருகிறார்கள். பாறையைக் கண்ணால் பார்த்தே இராத ஏறுவோர் ஒரு தலைமுறையே உருவாகிவிட்டார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு நுழைந்தபோதும் போட்டிகள் அனைத்தும் செயற்கைச் சுவரில்தான்.

ஜிம் தேடிப் போகிறவர் இப்போது எதையெதைப் பார்க்கிறார்? மெத்தை சுவர்வரை இடைவெளியில்லாமல் இருக்கிறதா, கையில் பூசும் மெக்னீசியம் கார்பனேட் பொடி மூச்சை அடைக்காதபடி காற்றோட்டம் இருக்கிறதா, தொடக்கநிலை ஆளுக்கு எத்தனை தடங்கள். அனுபவசாலி இவற்றோடு இன்னொன்றையும் கேட்பார்: “கடைசியா எப்ப செட் பண்ணீங்க?” சுவரை எத்தனை நாளுக்கொருமுறை மாற்றுகிறார்கள் என்பதைத்தான் அப்படிக் கேட்கிறார். லீட்ஸ் நடைவழியில் கேட்க வழியே இல்லாத கேள்வி.

பதில் பெரும்பாலும் கண்ணெதிரே இருக்கும். ஒரு மூலையை நாடா கட்டி மறித்திருப்பார்கள். உள்ளே ஏணிமேல் ஒருவர், கையில் துளைக்கருவி. கழற்றிய பிடிகள் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும். போன வாரம் அவற்றில் தொங்கியவர்களின் வியர்வையும் பொடியும் கரைந்து, தண்ணீர் மோர் நிறத்துக்கு வந்திருக்கும்.