பெட்டி ஒட்டிய விரல்களும் படம் ஒட்டும் விரல்களும்

விரல் நுனியில் பசை தொட வேண்டும். தாளின் ஓரத்தில் மட்டும் படும்படி தடவ வேண்டும். மடிப்புக் கோட்டில் மடித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஒட்டிக்கொள்ளும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த வேலை இரண்டு வழிகளில் வந்து சேர்ந்திருக்கிறது. முந்தைய தலைமுறைக்கு அது தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்லும் தொழிற்சாலை வழியாக வந்தது. சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் பெட்டி ஒட்டியும், கட்டையில் குச்சி அடுக்கியும், லேபிள் ஒட்டியும் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். இன்று வேறு சில பிள்ளைகளுக்கு அதே வேலை சிறப்புப் பயிற்றுநர் வழியாக வருகிறது. அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளை வட்டார வள மையத்தில் பாய் விரித்து உட்காரவைத்து, வண்ணத்தாள் கிழித்து ஒட்டவும், மணி கோக்கவும், விதைகளைப் பிரித்துப் போடவும் பழக்குகிறார்கள்.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது சிலருக்குக் கோபமூட்டலாம். ஒன்று சுரண்டல், மற்றது சேவை, இதில் ஒப்பிட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால் விரலின் அசைவு ஒன்றாகவும் கையில் இருக்கும் பொருள் ஒன்றாகவும் இருக்கும்போது, எது குழந்தையைத் தேய்த்தது, எது குழந்தையை வளர்க்கிறது என்று பிரித்துச் சொல்லத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் இரண்டாவது மெல்ல மெல்ல முதலாவதாக மாறிவிடும். இந்த மண்ணில் அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து சிவகாசியின் கதை தொடங்குகிறது. மழை பொய்க்கும் கரிசல் காட்டுக்கு அந்தத் தொழில் சோறு போட்டது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் விடியுமுன்னே கிராமம் கிராமமாக வண்டி அனுப்பிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வழக்கமும் அதோடு வளர்ந்தது. 1976இல் அப்படிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற ஒரு பேருந்து வெள்ளத்தில் சிக்கி உயிர்கள் போன பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம் அந்தப் பிள்ளைகளின் முகங்களை ஊரறியச் செய்தது.

அதே 1990இல் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. தீக்குச்சியும் பட்டாசும் உற்பத்தியாகும் இடத்தில் குழந்தைகளை வைக்கக் கூடாது என்றது. அதே மூச்சில், உற்பத்தி இடத்திலிருந்து தள்ளி நடக்கும் பொட்டலமிடும் வேலையில் வைத்துக்கொள்ளலாம் என்றும், பொருளைத் தரம் பிரித்து அடுக்குவதற்குப் பிஞ்சுக் கைகளே கூடுதல் பொருத்தம் என்றும் கருதியது; பெரியவர் கூலியில் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் கொடுக்கச் சொன்னது. ஆறு ஆண்டு கழித்து, 1996 டிசம்பர் 10 அன்று, அதே வழக்கில்தான் ஆபத்தான தொழிலிலிருந்து ஒவ்வொரு குழந்தையையும் விடுவித்து, முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்ற உத்தரவு வந்தது. நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்துக்கே பிஞ்சு விரலின் நேர்த்தி வேலைக்கான தகுதியாகத் தெரிந்த காலம் அது. இன்று ஒரு பயிற்றுநர், பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பிடிக்கும் நுனிப்பிடி வலுப்படட்டும் என்று கடலைப் பருப்பையும் உளுந்தையும் பிரிக்கச் சொல்லும்போது, அவரும் அதே விரலைத்தான் பார்க்கிறார். வேறுபாடு எங்கே தொடங்குகிறது?

வேலையைத் துண்டாக்கும் விதத்தில் தொடங்குகிறது என்பேன்.

கைத்தீப்பெட்டித் தொழிலின் அடிப்படையே துண்டாக்கல்தான். அடிப்பெட்டி ஒட்டுபவர் ஒருவர், மேல்பெட்டி ஒட்டுபவர் ஒருவர், கட்டையில் குச்சி அடுக்குபவர் ஒருவர், பெட்டியில் குச்சி நிரப்புபவர் ஒருவர், லேபிள் ஒட்டுபவர் ஒருவர். ஒரு குழந்தைக்கு ஒரு துண்டு வாய்த்தால் ஆண்டுக்கணக்கில் அந்தத் துண்டுதான். கை அதில் மின்னல் வேகம் பெறும். அதற்கு மேல் பெறுவதற்கு அங்கே எதுவும் வைக்கப்படவில்லை. வேகம் வந்துவிட்டது என்பதற்காக யாரும் அந்தப் பிள்ளையை அடுத்த வேலைக்கு நகர்த்தமாட்டார்கள். நகர்த்தினால் வேகம் போய்விடும், வேகம் போனால் கணக்கு குறையும்.

சிறப்புக் கல்வியிலும் ஒவ்வொரு செயலும் துண்டாகிறது. சட்டைப் பொத்தான் போடுவதைப் பயிற்றுநர் எட்டு, பத்துப் படிகளாக எழுதிக்கொள்வார். பெரும்பாலும் கற்பித்தல் கடைசிப் படியில் ஆரம்பிக்கிறது. முதல் படிகளையெல்லாம் ஆசிரியர் செய்துவிட்டு, ஓட்டையிலிருந்து பாதி வெளியே வந்த பொத்தானை இழுத்து முடிப்பதை மட்டும் குழந்தைக்கு விடுகிறார். அது கைவந்ததும் கடைசி இரண்டு படிகள், பிறகு மூன்று. மெதுவாகக் கற்கும் குழந்தைக்கு நடுவழியில் நின்றுபோன அனுபவமே வாழ்க்கை முழுதும் மிஞ்சுகிறது. இந்த முறையில் ஒவ்வொரு தடவையும் ‘முடித்துவிட்டேன்’ என்ற நிறைவு அதன் கைக்குத்தான் கிடைக்கிறது. ஆபீஸில் முழு வேலையை உடைத்து ஒரு துண்டுக்குள் குழந்தையை அடைத்தார்கள். இங்கே ஒரு துண்டில் தொடங்கி முழு வேலைக்குக் குழந்தையை அழைத்துப்போகிறார்கள். வெளியிலிருந்து ஒரு நிமிடம் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆறு மாதம் கழித்து வந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்தக் கைவழிக் கல்விக்கு நீண்ட மரபு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் எத்வார் செகன், அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு அசைவும் தொடுதலும் வழியாகக் கற்பிக்க முடியும் என்று காட்டினார். அவர் வழியைப் பின்பற்றியே மரியா மாண்டிசோரி ரோமில் அத்தகைய குழந்தைகளோடு வேலை செய்தார்; பிறகுதான் எல்லாக் குழந்தைகளுக்கும் அதை விரித்தார். 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கட்டணப் பள்ளிகளின் விளம்பரப் பலகையில் இன்று மின்னும் அந்தப் பெயரின் வேர், பள்ளிக்கூடம் வேண்டாமென்று ஒதுக்கிய குழந்தைகளிடம் இருக்கிறது.

அடுத்த வேறுபாடு எண்ணிக்கையில். பெட்டி ஒட்டும் கூலி குரோஸ் கணக்கில். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. நூற்று நாற்பத்து நான்காவது பெட்டிக்கும் முதல் பெட்டிக்கும் குழந்தையின் மனதில் எந்த வேறுபாடும் இல்லை. இதற்கு எதிராகப் பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஏழு, மொத்தம் பதினான்கு குழி. புளியங்கொட்டையை அள்ளிக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகும்போது, ஒரு குழிக்கு ஒரு விதை என்ற பொருத்தம் பிடிபடுகிறது. அதுதான் கணக்கின் முதல் வாசல். வலக்கை உடலின் நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கக் குழிவரை போகிறது. மூளை முடக்குவாதம் உள்ள பல குழந்தைகளுக்கு அந்தத் தாண்டல் பெரிய காரியம். கையிலுள்ள விதைகளை ஒவ்வொன்றாக விடுவிப்பது, அள்ளுவதைவிடக் கடினமான விரல் வேலை. எதிரில் இருப்பவர் ஆடி முடிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். எழுத்தறியாத அப்பத்தாவுக்கும் இந்த ஆட்டம் தெரியும் என்பதால், மையத்தில் கற்றது வீட்டுக்கும் போகிறது. வெளியூரிலிருந்து வாங்கி அலமாரியில் பூட்டிவைக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளைவிட இதையே நான் மேலாக மதிக்கிறேன்.

பாண்டி ஆட்டமும் அப்படித்தான். சில்லை எறிவதற்குக் குறி, நொண்டி அடிப்பதற்குச் சமநிலை, கட்டத்தை நினைவில் வைப்பதற்கு ஒழுங்கு, எல்லாம் ஒன்றாக வேண்டும். வெம்பக்கோட்டையில் 2022இல் தொடங்கிய அகழாய்வில் சுடுமண் சில்லுகளும் ஆட்டக்காய்களும் கிடைத்தன. பட்டாசு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே இந்த ஊர்ப் பிள்ளைகள் விளையாடியிருக்கிறார்கள் என்ற எண்ணமே எனக்கு மகிழ்ச்சி தருகிறது. நிற்க முடியாத குழந்தை சக்கர நாற்காலியிலிருந்து சில்லை எறியட்டும், இன்னொரு குழந்தை அவளுக்காக நொண்டட்டும். தூரிகையைப் பிடிக்க முடியாத விரலுக்காக, ராஜபாளையத்தில் நெய்யும் பேண்டேஜ் துணியைத் தூரிகைக் காம்பில் சுற்றித் தடிமனாக்கலாம். சிவகாசி அச்சகங்களில் கட்டிங் மெஷினிலிருந்து விழும் வண்ணத்தாள் துண்டுகள் ஒரு மையத்துக்கு ஆண்டு முழுதும் போதும். ஆனால் பட்டாசுக் குழாய், திரி, மருந்து பட்ட எந்தத் தாளும் அந்த அறைக்குள் வரக் கூடாது. சும்மா கிடக்கிறதே என்று எடுத்துவந்து வண்ணம் பூசவைக்கும் எண்ணமும் வேண்டாம். ஒலி தாங்காத ஆட்டிசக் குழந்தைகளுக்கு வெடிச் சத்தமே இந்த வட்டாரத்தில் போதுமான சோதனை.

உடம்பைப் பொறுத்தவரை ஒப்பீடு சுருக்கமானது. ஆபீஸில் பிள்ளைகள் குனிந்த முதுகோடு மணிக்கணக்கில் உட்கார்ந்தார்கள். மையத்தில் உட்காருமுன் ஊஞ்சல், பந்து உருட்டல், கனமான பையை இழுத்தல் என்று உடம்பு அசைகிறது. அசைந்த பிறகு பத்து நிமிடம் உட்கார முடிந்தால் அந்தப் பத்து நிமிடம் கைவேலைக்கு. குழந்தை எழுந்துவிட்டால் பாடம் அங்கே நின்றுவிடலாம்; ஆபீஸில் அதற்கு வழியே கிடையாது.

கைத்தொழில் கல்வி என்றதும் தமிழ்நாட்டில் சந்தேகம் எழுவது நியாயம். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பள்ளி மூன்று மணி நேரம், மிச்ச நேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தார்கள். விருதுநகரில் பிறந்த காமராசர் 1954இல் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பின் சாரத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன்: எழுத்தையும் எண்ணையும் பிடுங்கிக்கொண்டு கையில் தொழிலைத் திணிப்பது அநீதி. சிறப்புக் குழந்தைகளுக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். ‘இவனுக்குப் படிப்பு ஏறாது, கவர் ஒட்டவாவது பழகட்டும்’ என்ற பேச்சு, பரிவின் குரலில் வரும் பழைய குலக்கல்விதான். தாள் ஒட்டும் குழந்தை அந்தத் தாளில் தன் பெயரின் முதல் எழுத்தையும் அடையாளம் காண வேண்டும். அந்த இரண்டாவது அடி இல்லாத கைவேலைக்கு வகுப்பறையில் இடமில்லை.

சட்டத்துக்கு வரும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. அதே ஆண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் வந்த திருத்தம், பதினான்கு வயதுக்குள் எந்த வேலையும் கூடாது என்று சொல்லிவிட்டு, பள்ளி நேரம் போக ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் கைகொடுக்கலாம் என்று ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. பட்டாசும் தீப்பெட்டியும் அந்தக் கதவுக்குள் வராது. ஆனால் வீட்டிலிருந்தே செய்யும் கவர் ஒட்டலும் பை மடித்தலும்? பள்ளிக்கு வர முடியாமல் வீட்டுவழிக் கல்வியில் இருக்கும் குழந்தை நாள் முழுதும் வீட்டில் இருக்கிறது. அம்மா கூலிக்கு ஒட்டும் தாள் பக்கத்திலேயே இருக்கிறது. மையத்தில் கற்ற விரல்திறன் எந்தக் குரோஸில் போய்ச் சேர்கிறது என்று யார் பார்ப்பது?

பார்க்கக்கூடிய அரசு ஊழியர் ஒருவர்தான், வீடு தேடிப் போகும் சிறப்புப் பயிற்றுநர். உழைப்பிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்காக 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 2021இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. சிறப்புக் குழந்தைகளின் கல்வியும் அதே திட்டத்தின் கீழ்தான். இரண்டு வகைப் பிள்ளைகளும் இன்று ஒரே அலுவலகத்தின் பொறுப்பு. ஆனால் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். பணி நிரந்தரம் கேட்டுப் போராடியும் வந்திருக்கிறார்கள். தொடக்க வகுப்புகளில் பத்துக் குழந்தைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்து குழந்தைக்கு ஒருவர் என்று மத்திய அரசு 2022இல் விகிதம் வகுத்தது. தீப்பெட்டி ஆபீஸில் வரிசை வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகளுக்கு ஒரு கணக்குப்பிள்ளை போதுமானதாக இருந்தது, ஏனென்றால் அவர் பார்த்தது பெட்டிகளை. பொத்தானின் எத்தனையாவது படியில் எந்தக் குழந்தை நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியவருக்குப் பத்துப் பேரே அதிகம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் அந்த விகிதத்தை நிரந்தரப் பணியிடங்களாக நிறைவேற்றிக் கொடுக்க வேண்டும்.