வரிசை எண்ணை நம்பினால் ஆள் மாறிப்போகும்: குடும்பப் பதிவில் ஒருவரை மட்டும் திருத்துவது எப்படி?

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில்தான் தஞ்சமடைந்தார்கள். 2009இல் போர் முடிந்த பிறகு ஒரு பகுதியினர் மன்னார், முசலிப் பக்கம் திரும்பினார்கள். ஆனால் பல குடும்பங்கள் ஒன்றாகத் திரும்பவில்லை. தகப்பன் அங்கே காணியைத் துப்புரவாக்குவார். பிள்ளைகள் பாடசாலைக்காகக் கற்பிட்டியிலேயே இருப்பார்கள்.

இப்படியான குடும்பங்களின் விபரங்களைத் திரட்டிய ஒரு தொண்டர் குழுவுக்கு நான் கணினி வேலை செய்து கொடுத்தேன். மொங்கோடிபி என்ற ஆவணத் தரவுத்தளத்தில் குடும்பத்துக்கு ஓர் ஆவணம். அதற்குள் அங்கத்தவர்கள் ஓர் அரேயாக, அதாவது வரிசைப் பட்டியலாக இருப்பார்கள்.

ஒருவர் ஊர் திரும்பினால், அவருடைய வரிசை எண்ணை வைத்து வசிப்பிடத்தை மாற்றும்படி எழுதியிருந்தேன். எண்ணிக்கை 0இல் தொடங்கும். ஒரு வீட்டில் வாப்பா 0, உம்மா 1, மகன் 2, மகள் 3. வாப்பா மௌத்தானதும் அவருடைய பெயரை நீக்கினோம். மற்றவர்கள் ஒவ்வொரு படி முன்னே வந்தார்கள். பழைய பட்டியலைக் கையில் வைத்திருந்த தொண்டர், மகன் முசலிக்குப் போய்விட்டதாக 2ஆம் இடத்துக்குத் திருத்தம் அனுப்பினார். அந்த இடத்தில் இப்போது இருந்தவர் மகள். உலர் உணவு கொடுத்த நாளில், "நீங்கள் ஊருக்குப் போய்விட்டதாகப் பதிவில் இருக்கிறது" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிழை என்னுடையது.

இதே போன்ற பதிவுகளை வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை:

1. ஒவ்வோர் அங்கத்தவருக்கும் மாறாத ஓர் அடையாள எண் கொடுங்கள். சிறுவர்களிடம் தேசிய அடையாள அட்டை இராது. ஆகவே அந்த எண்ணை மட்டும் நம்ப முடியாது.

2. தேடல் நிபந்தனையில் அந்த அடையாள எண்ணைக் கொடுத்து, 'அங்கத்தவர்கள்.2.வசிப்பிடம்' என்பதற்குப் பதிலாக 'அங்கத்தவர்கள்.$.வசிப்பிடம்' என்று எழுதுங்கள். நிபந்தனைக்குப் பொருந்தும் முதல் அங்கத்தவர் மட்டும் மாறுவார்.

3. பெயர், வயது என்று இரண்டு நிபந்தனைகள் இருந்தால் 'எலெம்மெட்ச்' அவசியம். அது இல்லாவிட்டால் பெயர் ஒருவருக்கும் வயது இன்னொருவருக்கும் பொருந்தினாலே அந்தக் குடும்பம் தேர்வாகிவிடும்.

4. '$[]' என்று எழுதினால் எல்லா அங்கத்தவர்களும் மாறுவார்கள். சிலரை மட்டும், உதாரணமாக 18 வயதுக்குக் குறைந்தவர்களை மட்டும் மாற்ற, 2017 இறுதியில் வந்த 3.6 பதிப்பிலிருந்து 'அரே ஃபில்டர்ஸ்' இருக்கிறது.

5. முழு ஆவணத்தையும் எடுத்துத் திருத்தித் திரும்ப எழுதாதீர்கள். இடையில் இன்னொருவர் செய்த திருத்தம் அழிந்துபோகும். மேலே சொன்ன கட்டளைகள் ஓர் ஆவணத்துக்குள் ஒரே மூச்சில் நடப்பதால் அந்த ஆபத்து இல்லை.

6. முடிவில் வரும் இரண்டு எண்ணிக்கைகளையும் பாருங்கள். பொருந்தியது 1, மாறியது 0 என்றால், குடும்பம் கிடைத்தும் ஆள் கிடைக்காமல் இருக்கலாம். அல்லது பதிவு ஏற்கெனவே சரியாக இருக்கலாம். இரண்டில் எது என்று திறந்து பாருங்கள்.

அந்தச் சகோதரியின் பதிவை அன்றைக்கே திருத்தினோம். அவருடைய பங்கை மறுநாள் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தோம். பிறகு எல்லா அங்கத்தவர்களுக்கும் அடையாள எண் போட்டு முடிக்க எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. முதல் நாளே செய்திருந்தால் ஒரு மாலை வேலைதான்.