பெயர்ப்பலகையும் சுட்டுப்பெயரும்

தேனியிலும் உத்தமபாளையத்திலும் வக்கீல்களின் பலகைகளில் என் கண்ணில் படுவன பெயரும் பட்டமுமே. தம்மை எப்பாலாற் சுட்டவேண்டுமென்று அறிவிக்கும் மேனாட்டு வழக்கம் கம்பம் பள்ளத்தாக்கில் வேரூன்றவில்லையெனினும், சுட்டுப்பெயரே ஒருவரது ஜீவனோபாயத்தைத் தடுத்த சரித்திரம் நம் தேசத்திற்கு உண்டு. இப்பிரதேசம் மதுரை ஜில்லாவில் அடங்கியிருந்த 1916-ஆம் வருஷத்தில், ரெஜினா குஹா என்னும் பட்டதாரிப் பெண்மணி வக்கீலாகப் பதிவு கோரியபோது, ஆண்பாற் சொல் பெண்பாலையும் அடக்குமென்ற பொதுவிதி இருந்தும், 1879-ஆம் வருஷத்துச் சட்டம் ஆடவரையே கருதிற்றென்று கல்கத்தா ஹைக்கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 1921-இல் பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ராவுக்கும் அதே கதி. 1923-ஆம் வருஷத்துச் சட்டமே தடையை நீக்கிற்று.

அந்த 1879-ஆம் வருஷத்துச் சட்டம் தமிழில் எழுதப்பட்டிருப்பின், ஆண் பெண் பேதமறியாத ‘அவர்’ என்ற மரியாதைச் சொல் அவ்விரு அம்மையாரையும் காத்திருக்குமோ என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. ஆனால், வக்கீலென்றாலே ‘ஐயா’ என்று வாயெடுக்கும் கட்சிக்காரரிடம் அந்தச் சமத்துவம் செல்லாது!

2008-இல் இந்திய பார் கவுன்சில் வக்கீல்களின் இணையப் பக்கங்களுக்கு அனுமதித்த விவரங்கள் பெயர், விலாசம், பதிவு எண், கல்வித்தகுதி, தொழில் துறை முதலியன. பாற்சுட்டு அப்பட்டியலில் இல்லை. பத்தாண்டு கழித்து, 2018-இல், திருநங்கையாகிய சத்யஸ்ரீ ஷர்மிளா தமிழ்நாடு பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார்.