பிள்ளைக் கொட்டகையும் பாட்டிமார் பொறுப்பும்

ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட் செல்லும் வழியிலுள்ள செமோரைப் பேராக் தமிழர் நன்கறிவர். சுண்ணாம்புக் குன்றுகளும், ஈயம் தோண்டிய பள்ளங்களும், அவற்றிடையே பால்மரத் தோட்டங்களும் சூழ்ந்து வளர்ந்த ஊர் அது. இன்று தோட்டங்கள் பல வீட்டு மனைகளாயின. மகனும் மருமகளும் ஈப்போவுக்கு வேலைக்குச் செல்ல, பேரப்பிள்ளைகள் பாட்டியின் கையில் ஒப்படைக்கப்படுகின்றனர். இவ்வேற்பாடு ஆதிமுதல் இருந்து வருவதாக நம்மவர் எண்ணுகின்றனர். சரித்திரம் அவ்வாறு கூறவில்லை.

கங்காணிமார் ஆள் கட்டிய நாளில் கப்பலேறியவர் பெரும்பாலும் இளவயது ஆடவர், பெண்டிர் சிலர், முதியோரோ மிகச் சிலர். ஆகவே லயத்தில் பிறந்த முதல் தலைமுறைக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பாட்டி இல்லை. அவள் தஞ்சையிலோ சேலத்திலோ இருந்தாள். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய், கைக்குழந்தையைப் பிள்ளைக் கொட்டகையில் விட்டுச் சென்றாள். சேலைத் தொட்டில்கள் வரிசையாய்த் தொங்கும் அக்கொட்டகையைக் காத்தவள் ஆயா. மரம் வெட்ட வலுவிழந்த கிழவியே பல தோட்டங்களில் ஆயாவானாள். அவளுக்கு அன்பு இருந்தது. பயிற்சி அளிப்பார்தாம் இல்லை.

அக்குழந்தைகளைக் கொன்ற பகைகளுள் முதன்மையானது மலேரியா. கொசுவே அதனைப் பரப்புவதென்பதற்கான சான்றை 1897-இல் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டார். 1901 முதல் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்துக் காய்ச்சலை அடக்கினார். ஆனால், மலைப்பாங்கான தோட்டங்களில் அம்முறை பலிக்கவில்லை. அங்கே நோய் பரப்பிய கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடுவது. பால்மரம் நடக் காட்டை அழித்தபோது ஓடைகள் வெயிலுக்குத் திறந்தன, கொசு பெருகியது. விதி என்றும் தெய்வக் குற்றம் என்றும் நம்மவர் அழுத சாவுகளுக்குக் காரணம் இதுவே. ஓடையில் எண்ணெய் தெளித்து, கொயினா கொடுத்தபோது சாவு குறைந்தது. காரணம் அறிந்த இடத்தில் விதி தோற்றது!

இரண்டாவது பகை பால் டப்பியில் வந்தது. தாய் காட்டில் இருக்கையில் பசித்து அழும் குழந்தைக்குச் சர்க்கரை சேர்த்த டின்பாலை நீரில் கரைத்துக் கொடுப்பது வழக்கமாயிற்று. அதில் இனிப்பு மிகுதி. வளர்ச்சிக்கு வேண்டிய சத்து குறைவு. சுத்தமற்ற நீரும் புட்டியும் சேர்ந்தால் வயிற்றுப்போக்கு நிச்சயம். 1939-இல் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தார் முன்பு ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசி, பொருந்தாப் பாலை விற்போரை வன்மையாகக் கண்டித்தார். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பால்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் நெறியை உலக சுகாதார நிறுவனம் ஏற்றது 1981-இல்தான். ஓர் உண்மை சட்டமேற நாற்பது ஆண்டுகளுக்குமேல் காத்திருந்தது.

பின்னர் யுத்தம் வந்தது. 1942-43இல் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தமிழர் திரும்பவில்லை. விதவையான தாய் வயிற்றுக்கு வழி தேட, அதற்குள் லயத்தில் முதுமை எய்தியிருந்த பாட்டிமார் மரவள்ளியை அவித்துப் பேரக் குழந்தைகளைக் காத்தனர். பாட்டி என்னும் காவல் தோட்டத்தில் வேரூன்றியது இத்தகைய துன்பத்தினூடேதான்.

நிற்க. அன்பு மட்டும் போதுமா? வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கும். அதைக் கண்டு “தோஷம்” என்று மந்திரிக்க ஓடுவார் உளர். அது தோஷமன்று, தாகம். 1971-இல் வங்காள அகதிகள் குவிந்த பாங்கான் முகாமில் மருத்துவர் திலீப் மகலநபிஸ், சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைப் பருகக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த வாந்திபேதிச் சாவு, நான்கினுக்கும் கீழிறங்கியது. ஒரு லிட்டர் கொதித்தாறிய நீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, யாவும் தலைதட்டிய அளவு. இதைச் சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்கு விரையலாம்.

1957-இல் தீபகற்பத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் சுமார் 75 ஓராண்டு நிறையுமுன் மாண்டன. இன்று அவ்வெண் பத்துக்கும் குறைவு. கிராம மருத்துவ நிலையங்களும், நல்ல நீரும், தடுப்பூசியும் செய்த வேலை இது. ஆயினும், ஊசி வேண்டாமென்ற பேச்சு பரவியபின், 2016-இல் தொண்டை அடைப்பான் நோய் மீண்டும் தலைகாட்டிக் குழந்தை உயிர்களைக் குடித்தது. வென்ற நோய் செத்த நோயன்று.

பாட்டிமாரே, தாத்தாமாரே! இன்றைய ஆபத்துகள் வேறு. ஈயக் குட்டைகள் இன்னும் ஊரைச் சுற்றியுள்ளன. கணநேரக் கவனக்குறைவு போதும். நீங்கள் உண்ணும் நீரிழிவு மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் குழந்தைக்கு நஞ்சு. கைக்கெட்டாமல் பூட்டி வையுங்கள். ஓராண்டு நிறையாத குழந்தைக்குச் சேனை வைக்கவும் தேன் ஆகாது. காரில் குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டுமென்று 2020 முதல் சட்டமே கூறுகிறது.

இளையோருக்கும் ஒரு சொல். தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் அமைப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டமும் விதித்தது. தோட்டம் அழிந்தபோது கொட்டகையும் அழிந்தது. அந்த வேலை மட்டும் அழியவில்லை. அது கூலியின்றி, ஓய்வின்றி, அறுபது வயது கடந்த பெண்ணின் இடுப்பில் ஏறியது. அன்று ஆயாவுக்குப் பயிற்சி அளியாதது முதலாளியின் குற்றம். இன்று பாட்டிக்கு மருத்துவர் சொன்னதை விளக்காமல், ஓய்வுநாள் கொடாமல், தவறு நேர்ந்தால் மட்டும் ஏசுவது யார் குற்றம்? தடுப்பூசிப் புத்தகத்தை அவளிடம் படித்துக் காட்டுங்கள். கோயில் மண்டபங்களிலும் சங்கக் கட்டடங்களிலும் மாதமொரு முறை தாதியரை அழைத்துத் தமிழில் பேசச் செய்யுங்கள். குழந்தையைக் காப்பவளைக் காவாத சமூகம் குழந்தையையும் காவாது.