ஊர் மாறிய ஆட்டக்காரரும் தோட்டத்து இரசிகரும்

விளையாட்டை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவோர் உளர். ஆயினும், ஒரு சமுதாயம் எதனைத் தன்னுடையது என்று கருதுகிறது என்பதை அறிய, அது யாருக்காகக் கைதட்டுகிறது என்று நோக்கினாலே போதும். மலாக்கா மாநிலத் தோட்டப்புறத் தமிழர் வாழ்வில் காற்பந்து பெற்றிருந்த இடம் அத்தகையது. அவ்விரசிகர்தம் உள்ளத்தைப் பல்லாண்டுகள் அலைக்கழித்த வினா ஒன்று உண்டு. தம் மாநிலத்தில் பிறந்து வளர்ந்த ஆட்டக்காரர் மாற்று மாநிலச் சட்டை அணிந்து எதிரே வந்து நிற்கும்போது, அவரை வாழ்த்துவதா, வைவதா?

தோட்டமும் திடலும்

1896ஆம் ஆண்டில் தான் சே யான் என்பார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக முறை இரப்பர்த் தோட்டம் என்று வரலாற்றாசிரியர் குறிப்பது அதனையே. பின்னர் புக்கிட் அசகான், காடேக், கெமுனிங், தெபோங் எனத் தோட்டங்கள் பெருகின. தமிழ்த் தொழிலாளர் குடியேறினர். லயத்து வீடுகள், கோயில், தமிழ்ப்பள்ளி, பந்தாடும் திடல் ஆகியவை தோட்டத்து வாழ்வின் அடையாளங்களாயின. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பால்மரத்திற்குச் சென்ற இளைஞர், மாலையில் அத்திடலில் வெறுங்காலோடு பந்தாடினர்.

மாநிலங்களுக்கிடையிலான போட்டியோ 1921ஆம் ஆண்டில் தோன்றியது. 'மலாயா' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள் வழங்கிய கிண்ணமே மலாயாக் கிண்ணமாயிற்று; 1967இல் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறியது. மலாக்கா அக்கிண்ணத்தை ஒரு முறையேனும் வென்றதில்லை. ஆயினும், தோட்டத்து மக்கள் மலாக்கா அணியைக் கைவிட்டாரல்லர். சொந்த நிலமோ வீடோ இல்லாத ஒருவன், "இஃது எம் மாநிலம்" என்று உரிமையோடு முழங்கக் கிடைத்த இடம் அக்காற்பந்தரங்கமே.

அலோர் காஜாவிலிருந்து சிலாங்கூருக்கு

இந்நிலையில்தான் சோ சின் ஆன் என்னும் பெயரை நாம் நினைவு கூர்தல் வேண்டும். 1950இல் அலோர் காஜாவில் பிறந்தவர்; மலாக்கா அணியில் ஆடத் தொடங்கியவர்; பின்னர் எழுபதுகளில் சிலாங்கூரின் தற்காப்பு அரணாக விளங்கியவர். 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் போட்டியில் நாட்டுக்காக ஆடிய இவரை இரசிகர் 'தவுக்கே' என்று செல்லமாக அழைத்தனர். ஃபிஃபா ஏற்றுள்ள கணக்கின்படி நாட்டுக்காக 195 ஆட்டங்களில் களம் கண்டவர் இவர். 1971 முதல் 1979 வரையிலான 9 ஆண்டுகளில் சிலாங்கூர் 7 முறை மலேசியக் கிண்ணத்தை வென்றது.

மலாக்கா இரசிகரின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். எதிரணியின் தற்காப்பில் நிற்பவர் நம் அலோர் காஜாவின் மைந்தர். அவருக்குப் பின்னே கோல் கம்பங்களுக்கிடையே நிற்பவர் ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைத் தடுத்து 'ஸ்பைடர்மேன்' என்று நாடே போற்றிய தமிழர். ஒருவர் மண்ணால் நம்மவர். மற்றவர் மொழியால் நம்மவர். இருவரும் நிற்பதோ எதிர்ப்பக்கம்! மலாக்காவின் பந்து வலைக்குள் புக வேண்டும் என்று விழைந்த நெஞ்சமே, ஆறுமுகம் பாய்ந்து பிடித்தால் பூரித்தும் போயிற்று.

இவ்விரட்டை உணர்வு நாட்டு அணி ஆடியபோது மட்டும் ஒன்றாயிற்று. 1980 ஏப்ரல் 6ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. ஆப்கானிஸ்தான் சிக்கலால் எழுந்த புறக்கணிப்பில் அப்பயணம் நின்றுபோயிற்று. ஆறுமுகமும் 1988இல் சாலை விபத்தில் மறைந்தார். அன்று மலாக்காத் தோட்டங்களில் வருந்தியவர் எவரும் அவர் எந்த மாநிலத்துக்கு ஆடினார் என்று கேட்டிரார்.

பிரிவா, துரோகமா?

அக்காலத்தில் காற்பந்து முழுநேரத் தொழிலன்று. அரசாங்கத் துறைகளும் வங்கிகளும் நிறுவனங்களும் ஆட்டக்காரர்க்கு வேலை தந்தன; அவ்வேலைகள் தலைநகரைச் சுற்றியே மிகுந்திருந்தன. வேலை இருக்கும் இடத்திற்கு ஆட்டம் சென்றது. ஆட்டம் சென்ற இடத்திற்குப் புகழ் சென்றது.

தமிழ் மாணவர்க்கு இது புதிய செய்தியன்று. சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் வறுமையில் வாடியவர். தம்மைப் பேணிய வெளிமான் மறைந்தபின், இளவெளிமான் தகுதியறியாது சிறிதளவே கொடுக்க, அதனை ஏற்க மறுத்தார். குமணனை நாடிச் சென்று யானையைப் பரிசிலாகப் பெற்று, அதனை இளவெளிமானின் காவல் மரத்திலேயே கொணர்ந்து கட்டினார். அப்புலவரைத் துரோகி என்று தமிழுலகம் பழித்ததில்லை. திறமையை மதியாதவனையே பழித்தது.

அன்றும் இன்றும்

1983இல் மலாக்கா லீக் பட்டத்தை வென்று தலைநிமிர்ந்தது. 1989இல் அரை நிபுணத்துவ லீக் தொடங்கியபின் பணத்தின் வலிமை பெருகிற்று. 2016இல் பிரீமியர் லீக் வெற்றியாளராகி மேலேறிய மலாக்கா யுனைடெட், ஊதிய நிலுவை முதலான நிதிச் சிக்கல்களால் உரிமம் இழந்து, 2023ஆம் ஆண்டு சூப்பர் லீக்கில் இடம்பெறாது போயிற்று. ஆட்டக்காரரிடம் பற்றுறுதியை எதிர்பார்ப்போர், கூலியைக் காலத்தில் கொடுத்தல் வேண்டுமன்றோ? ஒரு கை தட்டினால் ஓசை எழுமா?

இன்றைய மாணவர் அறிந்த சான்று ஒன்றையும் கூறலாம். 2025 நவம்பர் 15ஆம் நாள், ஒரு சனிக்கிழமையன்று, சென்னைக் கிரிக்கெட் அணி இரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் இராஜஸ்தான் அணிக்குத் தந்து சஞ்சு சாம்சனைப் பெற்றது. 2023 இறுதியாட்டத்தின் கடைசி 2 பந்துகளில் 10 ஓட்டங்கள் எடுத்துக் கிண்ணத்தை ஈட்டித் தந்தவர் ஜடேஜா. புதியவர் வரவில் மகிழ்ச்சி, பழையவர் பிரிவில் துயர். மலாக்கா இரசிகர் அன்று பட்ட பாட்டையே சென்னை இரசிகரும் பட்டனர்.

நாம் கொள்ளத்தக்கது

பிரிவுக்கு வருந்துதல் மனித இயல்பு. அதனைத் தடுக்கவும் வேண்டா. ஆனால், வாழ்வு தேடிச் சென்றவரைத் துரோகி என்று தூற்றுவது முறையன்று. அவ்வாறு தூற்றுவோமாயின், அச்சொல் நம்மீதே வந்து விழும். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், இரப்பர் அழிந்து செம்பனை வந்தபோதும், நம் மக்கள் லயங்களை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்தனர். கோயிலையும் பள்ளியையும் திடலையும் பிரிந்து சென்ற அவர்களை மண்ணை மறந்தவர் என்று எவரேனும் சொன்னால் நாம் பொறுப்போமா?

ஆசிரியப் பெருமக்கள் மாணவர்க்கு இதனை எடுத்துரைத்தல் வேண்டும். மாநிலப் பற்று நன்று. ஆட்டக்காரரின் வாழ்வுரிமையை மதித்தல் அதனினும் நன்று. அலோர் காஜாவில் பிறந்தவர் சிலாங்கூருக்கு ஆடியதால் அலோர் காஜா சிறுமையுறவில்லை. அவ்வூரின் பெயர் மேலும் பல அரங்குகளில் ஒலித்தது.