இல்லாத ஒருத்தியின் உருவப்படம்

1921இல் அமெரிக்காவின் வாஷ்பர்ன் க்ராஸ்பி மாவு நிறுவனத்துக்குச் சமையல் சந்தேகங்கள் கேட்டுப் பெண்களின் கடிதங்கள் குவிந்தன. பதில்களில் ஒரு பெண்ணின் கையெழுத்து இருந்தால்தான் எடுபடும் என்று நினைத்த நிறுவனம், பெட்டி க்ராக்கர் என்ற பெண்ணைக் கற்பனையாக உருவாக்கியது. குடும்பப்பெயர் ஓய்வுபெற்ற இயக்குநர் ஒருவருடையது. கையெழுத்து அலுவலகப் பெண் ஊழியர் ஒருவருடையது. 1936இல் முகம் தேவைப்பட்டபோது அதை வரைந்தவரும் ஒரு பெண்தான்: நெய்சா மெக்மெய்ன்.

1888இல் இல்லினாய் மாநிலத்தின் குவின்சி நகரில் பிறந்த நெய்சா, சிகாகோவில் ஓவியம் பயின்று, 1913இல் நியூயார்க் வந்தார். பெண்களின் வாக்குரிமைக்காக ஊர்வலம் போனார். முதல் உலகப்போருக்குச் சுவரொட்டிகள் வரைந்தார். 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' அட்டைகளால் பெயர் பெற்றவர், 1923 முதல் 1937 வரை 'மெக்கால்ஸ்' மகளிர் இதழின் அட்டைகளை வரைந்தார். 1923இல் சுரங்கப் பொறியாளர் ஒருவரை மணந்த பிறகும் ஓவியராகத் தன் பெயரிலேயே இயங்கினார்.

அட்டைப்படப் பெண்களுக்குப் பெயர் கிடையாது. இதழை விற்றுக்கொடுப்பதே அவர்கள் வேலை. 1930களில் அந்த வேலையைப் புகைப்படம் எடுத்துக்கொண்டது. சந்தை கைவிட்டபோது நெய்சா உருவப்படங்களை நம்பினார். உருவப்படம் என்பது பெயருள்ள மனிதருக்கு உரியது. அவர் வரைந்தவர்களில் கவிஞர் எட்னா செயின்ட் வின்சென்ட் மில்லே உண்டு, அதிபர்கள் ஹார்டிங்கும் ஹூவரும் உண்டு.

ஆனால் அவர் வரைந்ததில் மிக அதிகமானோர் பார்த்தது, பிறக்கவே பிறக்காத ஒருத்தியின் உருவப்படத்தைத்தான். நிறுவனத்தின் சமையல் ஆலோசனைப் பிரிவில் வேலைபார்த்த பெண்களின் முகச்சாயல்களைச் சேர்த்து அதை வரைந்ததாகச் சொல்லப்பட்டது. கடிதங்களுக்குப் பதில் எழுதியதும், சமைத்துப் பார்த்துக் குறிப்புகளைச் சரிசெய்ததும் அந்தப் பெண்கள்தாம். அவர்கள் முகங்கள் ஒரே முகத்தில் கரைந்தன. உழைப்பு ஒரே பெயரில் சேர்ந்தது. 1945இல் 'ஃபார்ச்சூன்' இதழ், எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்தபடியாக அமெரிக்காவின் பிரபலமான பெண் பெட்டி க்ராக்கர்தான் என்றது.

நெய்சா 1949இல் இறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் நிறுவனம் பெட்டிக்கு வேறு முகம் கொடுத்தது. பின்னும் பலமுறை மாற்றியது. பெட்டிக்கு மட்டும் வயதாகவே இல்லை.

விளம்பர ஓவியத்தைக் கலையில் சேர்க்கலாமா என்று வரலாறு இன்னும் தயங்குகிறது. சமையல் குறிப்பை அறிவில் சேர்க்கவும் அதே தயக்கம். அந்த ஒரு படத்தில் இரண்டு உழைப்பும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போது இல்லாத பெட்டியை விட்டுவிட்டு, இருந்த பெண்களைத் தேடுவோம்.