புதுச்சேரியின் நினைவு நாள்கள்

புதுச்சேரி நகரில் ஆண்டுதோறும் கடைப்பிடிக்கப்படும் வரலாற்று நாள்கள் ஒரே ஆட்சியோ ஒரே சமூகமோ வகுத்தவை அல்ல. பிரெஞ்சு அரசு, இந்திய அரசு, ஆலைத் தொழிலாளர், அரவிந்தர் ஆசிரமம், தமிழ்க் கவிஞர்களின் அன்பர்கள், நாடகக்காரர்கள் என ஒவ்வொரு தரப்பும் இந்தச் சிறிய ஊரின் நாட்காட்டியில் தனக்கென ஒரு தேதியைப் பதித்து வைத்திருக்கிறது. ஆகஸ்ட் 15 அன்று கத்தோலிக்கர்களுக்கு மரியன்னையின் விண்ணேற்பு விழா, ஆசிரமத்துக்கு ஸ்ரீ அரவிந்தர் பிறந்தநாள், நாட்டுக்குச் சுதந்திர தினம். மறுநாளே புதுச்சேரிக்கு மட்டும் உரிய இன்னொரு கொடியேற்றம் உண்டு. இப்படி ஒரு நாளின் மேல் இன்னொரு நாள் அடுக்கப்பட்டிருப்பதுதான் இவ்வூரின் தனித்தன்மை.

பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கொண்டுவந்த நினைவு நாள்களில் பழமையான ஒன்று புனித லூயி திருநாள். பிரான்சு அரசரின் பெயர்த் திருநாளான அந்த ஆகஸ்ட் 25 அன்றுதான், 1706இல், பிரான்சுவா மர்த்தேன் கட்டிய லூயி கோட்டை திறக்கப்பட்டது. கோட்டையின் பெயருக்கும் அரசரின் நாளுக்கும் பொருத்தம் பார்த்தே தேதி குறித்தார்கள். 1761இல் ஆங்கிலேயர் அந்தக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். அந்தக் காலத்தில் ஊரில் பீரங்கி முழங்கினால் அது எதற்காக, எத்தனை முழக்கம் என்று குறித்து வைத்த தமிழர் ஒருவர் இருந்தார். துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) 1736 செப்டம்பர் 6 முதல் எழுதிய நாட்குறிப்பில், நள வருடம் ஆவணி மாதம் என்று தமிழ்த் தேதியும் அதனுடன் ஐரோப்பியத் தேதியும் சேர்ந்தே வருகின்றன. இரண்டு நாட்காட்டிகளில் வாழும் புதுச்சேரி வழக்கத்துக்கு அதைவிடத் தெளிவான சான்று கிடையாது. பிள்ளை 1761 ஜனவரி 12 அன்று இறந்தார். சில நாள்களிலேயே ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்தது.

தமிழ் நாட்காட்டி அதன் போக்கில் நடந்துகொண்டுதான் இருந்தது. மாசி மகத்தன்று சுற்றுப்புறக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகின்றன. ஆடி மாதத்தில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரைப் பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கிவைத்தார். இன்று துணைநிலை ஆளுநர் அதே வடத்தைப் பிடிக்கிறார். ஆட்சி மாறியும் அந்தப் பொறுப்பு மாறவில்லை.

பிரெஞ்சுக் குடியரசு 1880இல் ஜூலை 14ஐத் தேசிய நாளாக ஏற்றது. 1789இல் பாரிஸ் மக்கள் பாஸ்தி சிறையைக் கைப்பற்றிய நாள் அது. குடியேற்றப் பகுதிகளுக்கும் அந்த விழா வந்து சேர்ந்தது. ஆண்டவர்கள் கப்பலேறிய பிறகும் புதுச்சேரியில் அது நின்றுபோகவில்லை. முந்தின நாள் மாலை நீலம், வெள்ளை, சிவப்பு நிறக் காகித விளக்குகளைக் குச்சியில் தாங்கியபடி பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் ஊர்வலம் போகின்றன. மறுநாள் கடற்கரைச் சாலையிலுள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தில் பிரெஞ்சுத் துணைத் தூதரும் புதுச்சேரி அரசின் பிரதிநிதிகளும் மலர்வளையம் வைக்கிறார்கள். இரு நாட்டுக் கீதங்களும் இசைக்கப்படுகின்றன. வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஊரார் சொல்தா என்று அழைக்கும் பிரெஞ்சு இராணுவ ஓய்வூதியர்கள் கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, வெயிலைப் பொருட்படுத்தாமல் நேராக நிற்பார்கள். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் போரிட்ட தலைமுறை குறைந்துவிட்டது. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது அந்த இடத்தில் நிற்கிறார்கள்.

1938இல் திறக்கப்பட்ட அந்தச் சின்னம், முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்கானது. எனவே போர்நிறுத்தம் ஏற்பட்ட நவம்பர் 11 அன்றும் அங்கே அஞ்சலி உண்டு. வெளியூரிலிருந்து வருபவர்கள் இதைப் பழைய எசமானர்களுக்குக் காட்டும் விசுவாசம் என்று நினைத்துவிடுவதுண்டு. அது சரியான பார்வை அல்ல. அந்தச் சின்னம் நினைவுகூர்வது இந்த ஊர்க்காரர்களை. அவர்களை நினைக்க அவர்களின் வீட்டார் வருகிறார்கள்.

நகரின் தொழிலாளர் நாட்காட்டியில் முதன்மையான நாள் ஜூலை 30. 1936இல் பிரான்சில் மக்கள் முன்னணி அரசு பதவிக்கு வந்து, தொழிலாளர்களுக்கு வாரம் 40 மணி நேர வேலை, ஊதியத்துடன் விடுப்பு ஆகியவற்றை வழங்கியது. அதே கொடியின் கீழ் வாழ்ந்த புதுச்சேரி ஆலைத் தொழிலாளருக்கு அவை எட்டவில்லை. ரோடியர், சவானா, பாரதி ஆகிய மூன்று பஞ்சாலைகளிலும் வேலை நேரம் மிக நீண்டது, கூலி மிகக் குறைவு. வ. சுப்பையா (1911–1993) தலைமையில் எட்டு மணி நேர வேலைக்கும் சங்க உரிமைக்கும் போராட்டம் எழுந்தது. ஜூலை 30 அன்று சவானா ஆலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். செய்தி பாரிஸ் வரை அதிர்வை உண்டாக்கியது. 1937 ஏப்ரலில் வந்த ஆணை எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்கியது. பிரிட்டிஷ் இந்தியாவின் ஆலைகளில் அந்த உரிமை அப்போது இல்லை. சங்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் இந்நாளைத் தியாகிகள் தினமாக ஆண்டுதோறும் கடைப்பிடிக்கின்றன. ரோடியர் மில் என்று ஊர் அறிந்த ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் 2020இல் மூடப்பட்டது. ஆலை மணி ஓய்ந்தாலும் தியாகிகளுக்குச் செவ்வணக்கம் ஓயவில்லை. புதுச்சேரியின் நினைவு நாள்களில் உலகத் தொழிலாளர் வரலாற்றோடு நேரடியாகப் பேசக்கூடியது இதுவே. பள்ளிப் பாடத்தில் ஜூலை 14க்குக் கிடைக்கும் இடமாவது இதற்குக் கிடைக்க வேண்டும்.

நகரின் விடுதலைக்கு இரண்டு தேதிகள் இருக்கின்றன. 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தியா விடுதலை பெற்றபோது புதுச்சேரியில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. மக்களின் விருப்பத்தைக் கேட்டு முடிவு செய்வது என்று 1948இல் இரு அரசுகளும் உடன்பட்டன. வங்கத்துச் சந்திரநாகூர் 1949இல் வாக்களித்து இந்தியாவோடு சேர்ந்தது. புதுச்சேரியில் இழுபறி நீடித்தது. 1954 மார்ச்சில், அதுவரை பிரெஞ்சு ஆட்சியை ஆதரித்த அரசியல் தலைவர் எதுவார் குபேர் இணைப்பின் பக்கம் வந்ததும் நிலைமை வேகமாக மாறியது. ஏனாம் ஜூன் 13 அன்றும் மாகே ஜூலை 16 அன்றும் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டன. அக்டோபர் 18 அன்று கீழூர் கிராமத்தில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. மூன்று நாள் கழித்து டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1 அன்று பிரெஞ்சுப் பிரதிநிதி பியர் லாந்தி ஆட்சிப் பொறுப்பை இந்தியாவின் கேவல் சிங்கிடம் ஒப்படைத்தார். மூவர்ணக் கொடி ஏறியது.

ஆனால் அது நடைமுறைக் கைமாற்றம் மட்டுமே. முழு உரிமையை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை 1956 மே 28 அன்று கையெழுத்தாகி, பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்காக ஆறாண்டுகள் காத்துக் கிடந்தது. அல்ஜீரியாவில் போர் நடந்த காலத்தில், ஒரு குடியேற்றப் பகுதியை விட்டுக்கொடுக்கும் சட்டத்தைத் தொடப் பாரிஸ் அரசியல்வாதிகள் தயங்கினார்கள். அல்ஜீரியா 1962 ஜூலையில் விடுதலை பெற்றது. புதுச்சேரிக்கும் வழி திறந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்புதல் ஆவணங்கள் பரிமாறப்பட்டன. உடன்படிக்கைப்படி, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரராகவும் தம்பி இந்தியராகவும் ஆனது இதனால்தான். ஜூலை 14 விளக்கு ஊர்வலத்தில் இன்று நடப்பவர்களும் ஆகஸ்ட் 16 கொடியேற்றத்தில் நிற்பவர்களும் பல குடும்பங்களில் நெருங்கிய உறவினர்கள்.

நெடுங்காலம் அரசு விழாவாக இருந்தது ஆகஸ்ட் 16. அதைச் சட்டப்பூர்வப் பரிமாற்ற நாள் என்று ஆவணங்கள் குறிக்கும். ஊர்ப்பேச்சில் டிஜூரே நாள். அன்று கீழூர் நினைவுத் தூணருகே கொடியேற்றி, விடுதலைப் போராட்டத் தியாகிகளைச் சிறப்பிக்கிறார்கள். நவம்பர் 1 தான் உண்மையான விடுதலை நாள் என்று தியாகிகளும் அமைப்புகளும் பல ஆண்டுகள் வற்புறுத்தி வந்தார்கள். 2014 முதல் புதுச்சேரி அரசு அதையும் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறது. இரண்டில் எது சரி என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. மக்கள் கொடியை ஏற்றிப் பார்த்த நாள் நவம்பர் 1. ஆகஸ்ட் 16 தூதரகக் கோப்புகளில் நடந்த நாள். கொண்டாட்டத்துக்கு முதலாவதே பொருத்தம். ஆனாலும் இரண்டாவது இல்லாமல் முதலாவதற்குச் சட்ட உறுதி இல்லை என்பதால், ஆகஸ்ட் 16ஐ ஒதுக்கிவிடவும் கூடாது.

ஆசிரமத்தின் நாள்கள் வேறு வகை. ஸ்ரீ அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று துய்ப்ளே என்னும் கப்பலில் புதுச்சேரி வந்தார். பிப்ரவரி 21, அவருடன் ஆசிரமத்தை வழிநடத்திய அன்னையின் பிறந்தநாள். ஏப்ரல் 24, அன்னை 1920இல் நிலையாக இங்கு வந்து சேர்ந்த நாள். ஆகஸ்ட் 15 அரவிந்தர் பிறந்தநாள். நவம்பர் 24, 1926இல் அவர் அடைந்த சித்தியைக் குறிக்கும் நாள். இந்தத் தரிசன நாள்களில் அரவிந்தர் வாழ்ந்த அறையைக் காண அதிகாலையிலிருந்து வரிசை தெருவைச் சுற்றி நீளும். ஆயிரக்கணக்கானோர் கூடியும் பேச்சுச் சத்தம் இருக்காது. 1947இல் தம் பிறந்தநாளும் நாட்டின் விடுதலையும் ஒரே நாளில் வந்ததைப் பற்றி அரவிந்தர் எழுதிய செய்தியைத் திருச்சி வானொலி ஒலிபரப்பியது. அவர் இருந்த ஊரோ அன்று இன்னும் பிரெஞ்சு மண். அவருடைய 150ஆம் பிறந்த ஆண்டு விழா 2022 டிசம்பர் 13 அன்று புதுச்சேரி கம்பன் கலை அரங்கில் நடந்தபோது, பிரதமர் காணொளி வழியாக நினைவு நாணயமும் அஞ்சல் தலையும் வெளியிட்டார். அருகிலுள்ள ஆரோவில், 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் இளைஞர்கள் தத்தம் மண்ணை ஒரு தாழியில் இட்டதோடு தொடங்கியது. ஆண்டுதோறும் அதே நாளில் பொழுது விடியும்முன் அங்கே தீ மூட்டிச் சுற்றி அமர்கிறார்கள்.

கவிஞர்களில் பாரதிதாசனுக்கு இது சொந்த ஊர். 1891 ஏப்ரல் 29 பிறப்பு. 1964 ஏப்ரல் 21 அன்று சென்னையில் மறைவு. உடல் புதுச்சேரிக்குக் கொண்டுவரப்பட்டது. பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். ஏப்ரல் மாதத்தில் எட்டு நாள் இடைவெளியில் நினைவு நாளும் பிறந்தநாளும் வருவதால், அந்த மாதக் கடைசியில் ஊரில் கவியரங்கங்களுக்குக் குறைவில்லை. ஏப்ரல் 29 தொடங்கும் வாரத்தைத் தமிழ் வாரமாகக் கொண்டாட 2025இல் தமிழ்நாடு அரசும் முடிவெடுத்தது. பாரதியாரோ 1908 முதல் 1918 வரை இங்கே வாழ்ந்தவர். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீடு நினைவில்லம். சென்னையில் அவர் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11 நள்ளிரவைத் தாண்டி. ஆங்கிலக் கணக்கில் அது 12ஆம் தேதி. விடியும்வரை முந்தின நாளாகவே எண்ணும் நம் வழக்கப்படி 11. தமிழ்நாடு அரசு 2021இல் நூற்றாண்டையொட்டி அறிவித்த மகாகவி நாளும் செப்டம்பர் 11 தான்.

நாடகக் கலைஞர்கள் மறக்காத நாள் நவம்பர் 13. தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் அன்றுதான் புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி உள்ளது. பக்கவாதத்தால் கைகால் விழுந்த பிறகும் நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சென்றவர் அவர். மேடையை நம்பி வாழும் கலைஞர்கள் குருபூசைக்கு அங்கே கூடுகிறார்கள். சிறந்த திரைப்படத்துக்குப் புதுச்சேரி அரசு ஆண்டுதோறும் தரும் விருது அவர் பெயரில் உள்ளது. இசைக்கு வந்தால், 1982இல் பாரிஸில் தொடங்கிய ஜூன் 21 இசைத் திருநாள் இங்கும் கொண்டாடப்படுகிறது.

தொழில்நுட்ப வரலாற்றுக்கு மட்டும் இந்த ஊரில் இன்னும் விழா இல்லை. விழுப்புரத்திலிருந்து முதல் ரயில் 1879 டிசம்பரில் வந்தது. அதை யாரும் நினைப்பதில்லை. கடற்கரையிலுள்ள பழைய கலங்கரை விளக்கம் முதன்முதலாக ஏற்றப்பட்டது 1836 ஜூலை 1 அன்று. அதற்கு 2036 ஜூலை 1 அன்று 200 ஆண்டுகள் நிறையும். அதே மாதம் 30ஆம் தேதி சவானா துப்பாக்கிச் சூட்டின் நூற்றாண்டு. செப்டம்பர் 6 அன்று ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் 300ஆம் ஆண்டு. மூன்றும் பத்து வாரத்துக்குள் வருகின்றன. ஆலைத் தொழிலாளர் குடும்பங்களிடம் உள்ள படங்கள், சங்கப் பதிவேடுகள், முதியவர்களின் வாய்மொழிச் செய்திகள் ஆகியவற்றை இப்போதே திரட்டத் தொடங்கினால்தான் அந்த நூற்றாண்டுக்கு ஏதாவது மிஞ்சும். வீட்டில் அப்படி ஏதும் வைத்திருப்பவர்கள் அதை எடைக்குப் போடாமல் காப்பாற்றித் தர வேண்டும்.